அனேகமாக இல்லை

பின்னேரத் தொழுகைக்கான அசர் பாங்குக்குச் சற்று முன் அவர்கள் வந்தார்கள்.

இரண்டு ஜீப்புகள் மணல் ஒழுங்கையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நோன்பு தொடங்கி ஒரு கிழமை ஆகியிருந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து மூன்று கிழமைக்கு மேல். அதற்குள் கரையோரக் குடியிருப்புகள் அனேகமாக எல்லாவற்றிலும் சோதனை முடிந்திருந்தது. மன்னாரிலிருந்து வந்தவர்களின் இந்தக் குடியிருப்புத்தான் மிச்சம். வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. இன்னும் அதற்கு முகாம் என்றுதான் பெயர்.

றிஃப்னா அடுப்படியில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் கதவைத் தட்டவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. சோதனைக்கு வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும், ஆண்கள் முற்றத்துக்கு வர வேண்டும், பெண்கள் ஒரு பக்கமாக நிற்க வேண்டும் என்று பள்ளிவாசலில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். எல்லோரும் அப்படியே செய்தார்கள். வாப்பா நெய்னாரும் அவளுக்கு மூத்தவனான நாநா ஹிஷாமும் முற்றத்தில். உம்மா றஹ்மாவும் அவளும் வேலியோரம்.

அவர்களுக்குப் பெரிய பயம் இருக்கவில்லை. எரிக்க வேண்டியதை எல்லாம் எரித்தாயிற்று.

ஹிஷாம் மத்ரஸாவில் ஓதிய காலத்துக் கிதாபுகள். தமிழில் அச்சிட்ட ஹதீஸ் தொகுப்பு. மக்கத்துப் படம் போட்ட கலண்டர். அரபு எழுத்து இருந்தால் போதும், ஆளைக் கொண்டுபோகிறார்கள் என்று கதை வந்திருந்தது. குர்ஆனை உம்மா வெள்ளைத் துணியில் சுற்றிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினாள். மற்றதெல்லாம் சோறு வேகிற அடுப்புக்குள் போயிற்று. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தடவை அவள் தவ்பாச் செய்து, இறைவனிடம் மன்னிப்புக் கேட்டாள். கடைசித் தாளும் கருகிய பிறகு சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இஞ்ச ஒட்டிக் கிடக்கிறதுகளை என்ன செய்யிற?"

சுவரில் இருந்தவை றிஃப்னாவின் அட்டைகள்.

"அது இங்கிலீஷ்," என்றார் வாப்பா. "அவனுகள் தேடுறது அரபை. இங்கிலீசுக்கு ஆரு என்ன சொல்லப்போறான்? கிடக்கட்டும். கண்டா படிச்ச வீடெண்டு ஒரு மதிப்பு வரும்."

கழன்று தொங்கிய ஒன்றிரண்டை அவரே சோற்றுப் பருக்கை வைத்துத் திரும்ப ஒட்டினார்.

றிஃப்னா கம்பஸில் இரண்டாம் வருடம். சமூகவியல். ஆங்கிலப் பாடத்தில் சித்தியடையாவிட்டால் பட்டம் இல்லை. குண்டுகளுக்குப் பிறகு கம்பஸை மூடிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆங்கிலம் படிப்பிக்கிற மெடம் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். இனி உங்களுக்கு ஆசிரியர் நீங்கள்தான். எதைப் படிப்பது, எவ்வளவு படிப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சொற்களைக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் யாரையாவது கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டில் சீமேந்து பூசிய சுவர் ஒன்றுதான். அது ஹிஷாமின் கட்டிலுக்கு மேலே இருந்தது. மற்றவை வெறும் கல். அவற்றில் ஒன்றும் ஒட்டாது. கேள்வி கேட்கவும் அவன்தான் இருந்தான். கருவாட்டு லொறியில் தம்புள்ளைக்குப் போய்வருகிற உதவியாள். கிழமையில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். இருக்கிற நாளில் கட்டிலில் மல்லாந்து கிடந்து, தலைக்கு மேலே உள்ள அட்டைகளை எழுத்துக்கூட்டி வாசிப்பான்.

"டார்கெட்."

"இலக்கு."

"எலிமினேட்."

"நீக்கிறது."

"எக்ஸ்பிளோட்."

"எக்ஸ்பிளொயிட், நாநா. சுரண்டுறது."

"ஆரு ஆரைச் சுரண்டுறது?"

"உங்கட முதலாளி உங்களை."

"அதுக்கு என்னத்துக்கு இங்கிலீஷ்? அது எனக்குத் தமிழிலயே நல்லா விளங்குது."

மேல் வரிசையில் இருந்தவை வேறு நிற அட்டைகள். மே. சீம்ஸ். ஜெனரலி. அன்லைக்லி. இருக்கலாம், தோன்றுகிறது, பொதுவாக, சாத்தியம் குறைவு. அவற்றைத்தான் அவள் அதிகம் மனனம் செய்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

கம்பஸ் மூடுவதற்கு முந்தைய மாதம், அவள் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கட்டுரை சிவந்து திரும்பி வந்தது. சொந்த ஊர்க் கதையைத்தான் எழுதியிருந்தாள். புலிகள் எங்களை மன்னாரிலிருந்து துரத்தினார்கள். எங்கள் வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் வெறுங்கையோடு வந்தோம். இலக்கணப் பிழை எதுவுமில்லை. ஆனால் ஒவ்வொரு வசனத்தின் கீழும் மெடம் சிவப்புக் கோடு போட்டிருந்தார். உமக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? கல்விசார் எழுத்தில் அறுதியிட்டுப் பேசக் கூடாது.

அவள் திருத்தி எழுதினாள். இரண்டாம் தடவை "மிக நன்று" என்று வந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அதைத் தமிழாக்கி வாசித்துக் காட்டினாள். வாப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூறில் வடபகுதி முஸ்லிம்கள் இடம்பெயர நேர்ந்ததாகக் கூறப்படுகிறது."

"ஆரு கூறினது?" என்றார் வாப்பா.

"பொதுவா, வாப்பா. அப்படித்தான் எழுதவேணும்."

"வள்ளத்தில வந்தவன் நான். கற்பிட்டியில இறங்கேக்க உடுத்த சாரம் மட்டும்தான் இருந்தது. இதில கூறினது ஆரு?"

"நீங்க சொல்றது ஆதாரம். ஆதாரத்தை வச்சு நான் அடிச்சுச் சொல்லப்படாது. படிச்ச ஆக்கள் இருக்கு, இல்லை எண்டு ஒரேயடியாச் சொல்லமாட்டாங்க. சின்னப்புள்ளைகள்தான் அப்படிச் சொல்றது."

"அப்ப படிச்ச ஆக்கள் எப்படிச் சொல்லுவாங்க?"

"மே பீ எண்டு சொல்லுவாங்க வாப்பா," என்றான் கட்டிலில் கிடந்த ஹிஷாம்.

அதன்பிறகு வீட்டில் அது ஒரு பகிடியாகிப் போனது. கஞ்சி வெந்ததா என்று அவன் கேட்பான். ஓம் என்பாள். "அப்படிச் சொல்லப்படாது. நீ படிச்சவள். மே பீ எண்டு சொல்லு," என்பான்.

அன்று சோதனைக்காக உள்ளே போன இளம் பொலிஸ்காரன் வெகுநேரம் வெளியே வரவில்லை. அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் எதையோ எழுத்துக்கூட்டி வாசிப்பது முற்றத்துக்குக் கேட்டது.

"டார்கெட்."

"எலிமினேட்."

"டிரிகர்."

அடுத்த சொல்லை அவன் ஹிஷாம் வாசித்தது போலவே வாசித்தான். எக்ஸ்பிளோட்.

அப்படி வாசித்தால் அது சுரண்டுவதல்ல, வெடிப்பது.

அட்டைகளைக் கையில் அடுக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்பக்கத்தில் வாப்பாவின் சோற்றுப் பருக்கை காய்ந்திருந்தது. பொலிஸ்காரர்களில் பெரியவர் ஒருவர் அவற்றை வாங்கிப் பார்த்தார். கட்டில் யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்.

"மகே," என்றான் ஹிஷாம். என்னுடையது. அது உண்மை.

"அட்டை என்னுடையது! நான் எழுதினது!" என்று றிஃப்னா வேலியோரத்திலிருந்து கத்தினாள். தமிழில்தான் வந்தது. பெண் பொலிஸ் ஒருத்தி அவளுடைய முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். வாப்பா தனக்குத் தெரிந்த மீன்வாடிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பெரியவர் கேட்டுக்கொண்டார். சொல்ல இருப்பதை நாளைக்கு நிலையத்துக்கு வந்து சொல்லச் சொன்னார்.

ஹிஷாம் செருப்பைத் தேடினான். ஒன்றுதான் அகப்பட்டது. அதையும் கழற்றி வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினான். பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கியது.

ஜீப்புகள் போன பிறகு அடுத்த வீட்டுக் கைருன்னிஸா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அக்கா என்கிற முறையில் உம்மாவைக் கூப்பிட்டாள்.

"நாங்க எல்லாத்தையும் எரிச்சம், தாத்தா. நீங்க மட்டும் சுவர் நிறைய வச்சிருந்தீங்க."

உம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோன்பு திறக்கும்போது கஞ்சியில் யாரும் கை வைக்கவும் இல்லை. ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர்.

"நான் போய்ச் சொல்றன் வாப்பா," என்றாள் றிஃப்னா. "எண்ட கையெழுத்து. எண்ட பாடம். சொன்னா விளங்கும்."

"என்ன பாஷையில சொல்லுவ?"

அவளுடைய சிங்களம் கடையில் சாமான் வாங்கவே போதாது. வாப்பாவின் சிங்களம் மீன்வாடியைத் தாண்டாது. வீட்டில் சிங்களம் நன்றாகப் பேசுகிறவன் ஹிஷாம் ஒருத்தன்தான்.

வாப்பா கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இங்கிலீஷில சொல்லு மகள். கம்பஸ் புள்ளையெண்டு மதிப்பான்."

காலையில் அவர் ஜும்ஆவுக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். அவள் முகம் மூடவில்லை. மூடக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. கம்பஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் எழுந்து முன்னால் போனாள். வழியெல்லாம் றிஃப்னா வசனங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றையும் மெடம் சொல்லித்தந்தபடி அளந்து, திருத்தி, திரும்பவும் சொல்லிப் பார்த்தாள்.

நிலையத்தின் நடையில் ஒரு மர வாங்கில் ஹிஷாம் உட்கார்ந்திருந்தான். கீழ் உதடு வீங்கியிருந்தது. கால் வெறுங்கால். அவர்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். பக்கத்தில் நின்றவன் தோளை அழுத்தி இருத்தினான்.

"நோன்பு பிடிச்சீங்களா நாநா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

அவன் வாப்பாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். வீங்கிய உதடு ஒரு பக்கமாக இழுபட்டது.

"மே பீ," என்றான்.

அதிகாரி கண்ணாடி போட்டவர். இரவு தூங்காத கண்கள். கோபக்காரராகத் தெரியவில்லை. இருவருக்கும் கதிரை காட்டினார். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவில் போயிருப்பதாகச் சொன்னார்.

"மகள் இங்கிலீஷில சொல்லுவா, சேர்," என்றார் வாப்பா சிங்களத்தில்.

அதிகாரியின் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய ஆங்கிலம் நிதானமாக, சுத்தமாக இருந்தது. அட்டைகளை மேசையில் பரப்பினார்.

அன்று அவர் கேட்டதையும் அவள் சொன்னதையும் தமிழில் வைத்தால் இப்படி வரும்.

"இவை யாருடையவை?"

"இவை சுயகற்றல் நோக்கத்துக்காகத் தயாரிக்கப்பட்டவை."

"யாரால்?"

"என்னால்."

அவர் தலையை ஆட்டினார். சிங்களத்தில் எழுதிக்கொண்டார். வாப்பாவும் தலையை ஆட்டினார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மகளின் வாயிலிருந்து ஆங்கிலம் தடக்காமல் வருவதை மட்டும் கேட்டார்.

"உங்கள் சகோதரர் இவற்றைப் படித்தாரா?"

படித்ததில்லை. வாசித்திருக்கிறான். எல்லாவற்றையுமல்ல.

"சிலவற்றை அவர் வாசித்திருக்கக்கூடும்."

"ஏன் வாசித்தார்?"

"எனக்கு உதவுவதற்காக இருக்கலாம்."

பேனை நின்றது. "இருக்கலாமா?"

"அதுவே பிரதான காரணமாகத் தோன்றுகிறது."

அவர் எழுதினார்.

"வீட்டில் இல்லாத நாட்களில் அவர் எங்கே போகிறார்?"

"பொதுவாகத் தம்புள்ளைக்கு. லொறியில்."

"பொதுவாக."

"பெரும்பாலான சந்தர்ப்பங்களில்."

"மற்றச் சந்தர்ப்பங்களில்?"

மற்றச் சந்தர்ப்பம் என்று ஒன்று இல்லை. அது அவளுக்குத் தெரியும். லொறி தம்புள்ளைக்குப் போகும், தம்புள்ளையிலிருந்து வரும், அவ்வளவுதான். ஆனால் அவள் லொறியில் போனவளல்ல. அவளுக்கு முன்னால் மெடத்தின் சிவப்புக் கோடு நின்றது. உமக்கு எப்படித் தெரியும்?

"அது பற்றி என்னிடம் போதிய தகவல் இல்லை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். வாப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக, அவளுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே போலக் கேட்டார்.

"அந்த ஆட்களோடு உங்கள் சகோதரருக்குத் தொடர்பு இருக்கிறதா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பஸ்ஸில் ஆயத்தம் செய்துகொண்டு வந்தாள். மேல் வரிசையில் கடைசி அட்டை. அதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் இன்னும் பலம் கூடும் என்று மெடம் சொல்லியிருந்தார். ஹைலி அன்லைக்லி.

"அதற்கான சாத்தியம் மிகமிகக் குறைவு."

வசனம் ஒரு பிழையில்லாமல் வந்தது. உச்சரிப்பும் சரி. ஒரு நொடி அவளுக்கு உள்ளே சந்தோசமாகக்கூட இருந்தது.

அதிகாரி எழுதவில்லை. காத்திருந்தார். வெளியே யாரோ இருமினார்கள். ஹிஷாமின் இருமலா என்று அவள் காது கொடுத்தாள்.

"குறைவு," என்றார் அவர். "அவ்வளவுதானா?"

இன்னும் ஏதோ குறைகிறது என்று விளங்கியது. அவள் யோசித்தாள். முடிவுரையில் எப்போதும் சேர்க்க வேண்டிய தொடர் ஒன்று இருந்தது. அதை மறந்துவிட்டாள்.

"கிடைக்கக்கூடிய ஆதாரங்களின் அடிப்படையில்," என்று சேர்த்தாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்.

எழுதி முடித்ததைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினார். வேகமாக வாசித்தார். அவளுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது. சகோதரர். கார்ட். லொறி. தம்புள்ளை. வென்ன புளுவன். அது கரையில் எல்லோருக்கும் தெரிந்த சொல். மீன் படுமா, காற்று விழுமா, லொறி இன்றைக்கு வருமா, எது கேட்டாலும் சிங்கள ஆட்கள் சொல்வது. இருக்கலாம். அது ஒரு தடவை வந்தது. திரும்பவும் வந்தது. மூன்றாம் தடவை வந்தபோது பக்கத்தில் வாப்பாவின் தலை ஆடுவது நின்றுவிட்டதை அவள் கண்டாள்.

"இதில் பிழை ஏதும் இருக்கிறதா?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

அவள் சொன்னதைத்தான் அவர் எழுதியிருந்தார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"இல்லை," என்றாள். நோ. அந்த ஒரு சொல் அப்போது வெகு இலகுவாக வந்தது.

கையெழுத்திட்டாள்.

ஹிஷாமைக் கொழும்புக்கு அனுப்புவார்கள் என்று அதிகாரி சொன்னார். விசாரணை அங்கேதான். எத்தனை நாள் என்று அவள் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார். அட்டைகளை ஒரு கடித உறைக்குள் போட்டு ஒட்டினார். ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, எழுத்தைப் பார்க்காமலே அதையும் உள்ளே போட்டார்.

அவர்கள் வெளியே வந்தபோது வாங்கு வெறுமையாக இருந்தது. முற்றத்தில் நின்ற ஜீப்பையும் காணவில்லை. வாசலில் நின்றவனிடம் வாப்பா விசாரித்தார். இப்போதுதான் போகிறது என்று அவன் தெருவைக் கைகாட்டினான். தெருவில் தூசி மட்டும் இருந்தது.

பஸ் தரிப்பில் நிழல் இல்லை. களப்புப் பக்கமிருந்து உப்புக் காற்று வீசியது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வாப்பா வெள்ளைச் சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். திரும்பவும் பூட்டினார். றிஃப்னா பக்கத்தில் நின்றாள். கழுத்தில் இருந்த அடையாள அட்டை காற்றில் புரண்டு புரண்டு அடித்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

கற்பிட்டி பஸ் வந்தது. வாப்பா கை காட்டவில்லை. அது நிற்காமல் போனது.

"எனக்கு இங்கிலீஷில ரெண்டு சொல் தெரியும்," என்றார் தெருவைப் பார்த்துக்கொண்டே. "யெஸ். நோ. அது ரெண்டும்தான்."

இரண்டு விரல்களை நீட்டிக் காட்டினார்.

"அந்தாள் உன்னட்ட கேட்கேக்க எல்லாம் நான் காதைக் குடுத்துக்கொண்டுதான் இருந்தன். கடைசியில ஒருக்கா நோ எண்டு கேட்டது. கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னம். அதுக்கு முன்னால கேக்கல்ல. வயசு போனா காதும் அப்படித்தான்."

காற்று அவருடைய சேர்ட்டை முதுகோடு ஒட்டி வைத்திருந்தது. அவர் இப்போது அவள் பக்கம் திரும்பினார்.

"நாநாவைப் பத்திக் கேட்டதுக்கு, நீ நோ எண்டு சொன்னாய்தானே மகள்?"